முதுமைக்கு வேண்டியது மலை உச்சியா, அடிவாரமா?

ஓய்வு பெற்ற பிறகு கொடைக்கானலில் ஒரு சிறிய வீடு, காலையில் ஏரியைச் சுற்றி ஒரு நடை, மற்ற நேரமெல்லாம் அமைதி. நடுத்தர வயதைத் தாண்டிய பலர் மனதுக்குள் போட்டு வைத்திருக்கும் கணக்கு இது. அந்த அளவுக்குக் கையில் பணம் இல்லாத குடும்பங்கள் இதையே சின்ன அளவில் செய்கின்றன. வீட்டின் பின்னறையில் பெரியவருக்கு ஒரு கட்டில், எதிரே தொலைக்காட்சி, தலைமாட்டில் பக்திப் பாட்டு ஓடும் செல்போன். யாராவது விசாரித்தால், "அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, நிம்மதியா இருக்கார்" என்று பதில் வரும். வயதானவருக்கு வேண்டியது அமைதி, ஆன்மிகம் அந்த அமைதியில்தான் கனியும் என்பது இரண்டு ஏற்பாடுகளுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை. கொடைக்கானலிலிருந்து மலைப்பாதையில் 64 கிலோமீட்டர் இறங்கினால் வரும் பழனியோ இதற்கு நேர்மாறான ஒன்றை ஆண்டுதோறும் காட்டிக்கொண்டிருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டி லட்சக்கணக்கானவர்கள் நடந்தே வந்து சேர்கிறார்கள். அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம். பனி, கொப்புளம், அரைகுறைத் தூக்கம், விடிய விடிய ஒலிபெருக்கி. எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்காத சிகிச்சை இது. ஆனால் முதுமையின் மனநலத்தைப் பற்றிக் கிடைத்திருக்கும் ஆய்வுகளை வரிசையாகப் படித்தால், அவை பெரும்பாலும் உச்சியின் பக்கம் சாயவில்லை, அடிவாரத்தின் பக்கமே சாய்கின்றன.

பழனிப் பாதயாத்திரையையே அளந்து பார்த்த ஆய்வை வைத்துத் தொடங்க முடிந்தால் நன்றாக இருக்கும். அதற்கு மிக நெருக்கமானது அலகாபாத் மாக மேளாவில் நடந்தது. அங்கே கல்பவாசிகள் என்று ஒரு பிரிவினர் உண்டு, பெரும்பாலும் வயதானவர்கள். வட இந்தியக் குளிர்காலத்தில் ஒரு மாதம் கங்கைக் கரையில் கூடாரத்தில் தங்கி, அதிகாலைக் குளிரில் ஆற்றில் முழுகி, எளிய உணவு உண்டு வாழ்வார்கள். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நாராயணன் சீனிவாசன், பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீபன் ரைக்கர், நிக் ஹாப்கின்ஸ் முதலியோர் அடங்கிய குழு 416 கல்பவாசிகளையும், மேளாவுக்குப் போகாமல் ஊரிலேயே இருந்த 127 பேரையும் எடுத்துக்கொண்டு, விழாவுக்கு ஒரு மாதம் முன்பும் விழா முடிந்து ஒரு மாதம் கழித்தும் அவர்களுடைய உடல், மன நிலையைக் கேட்டறிந்தது. 2012இல் முடிவு வெளியானது. போய் வந்தவர்களின் நலம், போகாதவர்களோடு ஒப்பிட, உயர்ந்திருந்தது. குளிர், நெரிசல், சுகாதாரக் குறைவு எல்லாவற்றையும் மீறிக் கிடைத்த உயர்வு இது. அதே குழுவினர் சத்தத்தைப் பற்றியும் சோதித்தார்கள். இன்னதென்று தெளிவாகப் புரியாத ஓர் இரைச்சலை, மேளாவில் பதிவு செய்தது என்று சொல்லிக் கேட்க வைத்தால் யாத்திரிகர்கள் அதை நீண்ட நேரம் கேட்டார்கள். நகரத்துத் தெருச் சத்தம் என்று சொன்னால் சீக்கிரமே வேண்டாம் என்றார்கள். காதில் விழுவது ஒன்றுதான், அது யாருடைய சத்தம் என்பதில்தான் வேறுபாடு. மௌனமே மருந்து என்று நினைப்பவர்கள் இந்தச் சோதனையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

கல்பவாசம் நீராட்டும் விரதமும்தானே, காவடியோடு அதை ஒப்பிடலாமா என்று கேட்டால், மொரீஷியஸ் தமிழர்களிடம் போக வேண்டும். அந்தத் தீவின் தைப்பூசக் காவடியை மானுடவியலாளர் டிமிட்ரிஸ் சிகலாட்டஸ் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். அலகு குத்தி, காவடி தூக்கி, சுடும் தாரில் வெறுங்காலோடு நடப்பவர்களின் உடல்நிலையை விழாவுக்கு முன்னும் பின்னும் கருவிகளால் பதிவு செய்து 2019இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வு, இந்தக் கடுமையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்ததற்கான அடையாளம் காணவில்லை. பங்கேற்றவர்களின் மனநல மதிப்பீடோ உயர்ந்திருந்தது. அதிகம் வருத்திக்கொண்டவர்களிடம் உயர்வும் அதிகம். நீடித்த நோயும் தாழ்ந்த சமூக நிலையும் உள்ளவர்களே கடுமையான நேர்த்திக்கடனை அதிகம் ஏற்கிறார்கள் என்பதும் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு எழுபத்தைந்து வயதுக்காரரை அலகு குத்தச் சொல்வது முட்டாள்தனம். ஆய்வில் இருந்தவர்கள் சிலர்தான்; வயதானவர்களை மட்டும் வைத்துச் செய்ததும் அல்ல. சுகக்குறைவும் நலக்குறைவும் ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் இது போதும்.

இங்கே முதல் ஆட்சேபம் எழ வேண்டும். நடக்கத் தெம்புள்ளவர்தானே நடக்கிறார்? கோயிலுக்குப் போகிறவர் நலமாக இருக்கிறார் என்பதைவிட, நலமாக இருப்பவர் கோயிலுக்குப் போகிறார் என்பதுதானே சரி? நியாயமான கேள்வி, பக்தியின் பலனைப் பறைசாற்றும் பல ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் விழுந்திருக்கின்றன. இதை ஓரளவு கையாண்டது ஹார்வர்டின் டைலர் வாண்டர்வீல் குழு. அமெரிக்கச் செவிலியர்கள் 74,534 பேரைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து, அவர்களுடைய உடல்நிலையையும் வழிபாட்டுக்குச் செல்வதையும் திரும்பத் திரும்பப் பதிவு செய்த தரவு அவர்களிடம் இருந்தது. அதனால் ஒருவர் நோயால் போகாமல் நின்றாரா, நின்ற பிறகு நோயாளியானாரா என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடிந்தது. வாரம் ஒரு தடவைக்கு மேல் பொது வழிபாட்டுக்குச் சென்றவர்களின் இறப்பு வாய்ப்பு, போகவே போகாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவு என்று 2016இல் எழுதினார்கள். அந்தப் பலனில் ஏறத்தாழ கால் பங்கு சமூக ஆதரவின் வழியாக வருவதாகவும் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் வெள்ளையின, கிறிஸ்தவப் பெண்களைப் பற்றிய தரவு இது. பழனியை அடுத்த ஆயக்குடியிலும் நெய்க்காரப்பட்டியிலும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாண்டர்வீல் வலியுறுத்தும் ஒரு விஷயம் நமக்கு முக்கியம். தனியாகச் செய்யும் பிரார்த்தனையைவிட, மற்றவர்களோடு கூடிச் செய்யும் வழிபாடே உடல்நலத்தோடு உறுதியான தொடர்பைக் காட்டுகிறது. பின்னறையில் ஓடும் பக்திப் பாட்டு, கூட்டு வழிபாட்டின் இடத்தை நிரப்பாது.

கூட்டத்தில் இருக்கும் மருந்துதான் என்ன? பாதயாத்திரைக் குழு ஒன்றை ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் அருகில் நின்று பார்த்தால் கொஞ்சம் புரியும். பின்னிரவில் கிளம்பும் குழுவுக்கு முன்னே ஒருவர், போலீஸார் கொடுத்த ஒளிரும் குச்சியைப் பிடித்துக்கொண்டு போகிறார். எந்த ஊரில் அன்னதானம், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்த மண்டபத்தில் படுத்தால் பனி இறங்காது என்பதெல்லாம் குழுவை நடத்தும் குருசாமிக்குத்தான் தெரியும். இருபது, முப்பது ஆண்டுகள் நடந்த கால்களின் அறிவு அது. தங்குமிடத்தில் ஒரு பாட்டி, பேரன் வயதுப் பையன் ஒருவனின் பாதத்தை மடியில் வைத்துக் கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். "ஆத்தா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் அந்தப் பையன் வாரம் முழுவதும் திருப்பூரிலோ கோவையிலோ கணினி முன் உட்கார்ந்திருப்பவனாக இருக்கலாம், இந்த நான்கு நாட்களுக்கு அவனைவிட அவருக்கு அதிகம் தெரியும். காலையில் தலை எண்ணுவதும் அந்தப் பாட்டிதான். ஆள் குறைந்தால் குழு நகராது. நகரத்தார் காவடி இந்த ஏற்பாட்டின் மிகப் பழைய வடிவம். நெற்குப்பைக் குமரப்பன் என்ற வணிகரின் உப்பு வியாபாரத்தோடு சேர்ந்து 17ஆம் நூற்றாண்டில் வளர்ந்த தொடர்பு அது என்பதை மானுடவியலாளர் டேவிட் ரட்னர் ஆவணங்களைக் கொண்டு விளக்கியிருக்கிறார். செட்டிநாட்டிலிருந்து நடந்து வந்து, திரும்பவும் நடந்தே ஊர் போகும் அந்தப் பயணத்தின் முறைகளை நினைவில் வைத்துக் கடத்துகிறவர்கள் மூத்தவர்களே. பக்தி, உடற்பயிற்சி, ஊர்க்கூட்டம் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. இவை அனைத்தையும் கட்டி நிறுத்துவது பெரியவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பதுதான். அவர்கள் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று நடக்காது.

என் வாதம் இதுதான். முதுமையில் மனம் தளர்வதற்கு அமைதிக் குறைவைவிடப் பெரிய காரணம், தன்னை நம்பி எதுவும் நடக்கவில்லை என்ற உணர்வு. ஆன்மிகம் பலன் தருவதும் அது அமைதி தருவதால் மட்டுமல்ல. ஒரு கடமையையும் அதைச் சேர்ந்து செய்ய ஆட்களையும் நாள் கணக்கையும் கையில் கொடுப்பதால். 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இந்தச் செடியைத் தண்ணீர் ஊற்றி வளருங்கள் என்று சொன்னார்கள். வேறொரு தளத்தில், எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். செடிக்கும் ஊழியர்களே தண்ணீர் ஊற்றினார்கள். சில வாரங்களில் முதல் தளத்தினர் சுறுசுறுப்பிலும் மகிழ்ச்சியிலும் முன்னே இருந்தார்கள். சிறிய ஆய்வு, இறப்பு எண்ணிக்கையைப் பற்றி அடுத்து அவர்கள் எழுதியதற்குப் பின்னர் திருத்தமும் வந்தது. ஆகவே செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று யாரும் எழுத வேண்டாம். ஆனால் இரண்டாவது தளத்தில் நடந்ததை நம் வீடுகள் பாசத்தின் பெயரால் செய்துகொண்டிருக்கின்றன. முதலில் சமையலறையிலிருந்து அம்மாவை விலக்குகிறோம், அடுத்து வங்கிக் கணக்கை மகன் பார்த்துக்கொள்கிறான், பிறகு கடைக்குப் போக வேண்டாம் என்கிறோம். கணவனை இழந்தவரென்றால் சுபகாரியங்களில் ஏற்கெனவே பின்வரிசை. கடைசியில் மிஞ்சுவது நிம்மதி. இந்தியாவில் 2017-18இல் நடந்த முதியோர் கணக்கெடுப்பு (லாசி), அறுபது வயதைக் கடந்தவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு, அதாவது பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு, கடுமையான மனச்சோர்வு இருக்கலாம் என்று கண்டது. தமக்கு மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் சொன்னார் என்று தெரிவித்தவர்கள் 0.8 விழுக்காடு மட்டுமே. பத்தில் ஒன்பது பங்கு வெளியே தெரியவில்லை. "நிம்மதியா இருக்கார்" என்று சொல்லப்படுபவர்களில் எத்தனை பேர் அதில் இருப்பார்கள்?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது என்று நம்மவர்களே சொல்லவில்லையா? வயதானால் உலகத்தை விட்டு மெல்ல விலகுவது இயல்பு, அதைத் தடுப்பது இளையவர்களின் அவசரம் என்று வாதிடலாம். ஸ்வீடன் நாட்டுச் சமூகவியலாளர் லார்ஸ் டோர்ன்ஸ்டாம், முதுமையில் பொருளாசை தளர்ந்து, தனிமையில் இன்பம் கண்டு, தன்னைப் பெரியதொன்றின் பகுதியாக உணரும் மாற்றம் நிகழ்கிறது என்று தம் நேர்காணல்களைக் கொண்டு எழுதினார். ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டென்சன் இன்னொரு கோணத்தில் பார்த்தார். மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் புதியவற்றைத் தேடுவதை விட்டு, மனதுக்கு நிறைவு தருபவற்றைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்றார். கொடைக்கானலில் 1936இல் லேடி இராமநாதன் எழுப்பிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலைச் சுற்றி 2018இல் நீலக்குறிஞ்சி பூத்ததை எழுபது வயதில் பார்த்த ஒருவர், அடுத்த பூப்பை 2030இல், எண்பத்திரண்டு வயதில்தான் பார்க்க முடியும். இந்தக் கணக்கு மனதில் ஓடியவர் அன்றைய மாலையை யாரோடு கழிப்பது என்பதில் கவனமாகத்தான் இருப்பார். கார்ஸ்டென்சனின் கண்டுபிடிப்பை நான் மறுக்கவில்லை. மேலை நாட்டு முதியவர்கள் இளையவர்களைவிட மன நிறைவோடு இருப்பதைக் கொரோனா காலத்தில்கூட அவர் கண்டார். ஆனால் அவர் சொல்வது தேர்வைப் பற்றி. வேண்டாத பத்துப் பேரை விட்டு வேண்டிய மூவரை வைத்துக்கொள்வது வேறு, மூவரும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் பகல் முழுவதும் சுவரைப் பார்த்திருப்பது வேறு. டோர்ன்ஸ்டாம் சொன்ன தனிமையும் விரும்பி ஏற்றது. விலகுகிறவரையும் விலக்கப்பட்டவரையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிவதுதான் சிக்கல். ஆகவே, வேண்டுமா வேண்டாமா என்று அவரிடமே கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

கொடைக்கானல் மலையின் புகழ்பெற்ற மௌனத்தையே எடுத்துக்கொள்வோம். பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜென்டோ தியான மையத்தை 1996இல் நிறுவியவர் ஆமா சாமி என்ற இயேசு சபைத் துறவி. ஜப்பானின் காமகுராவில் யமாதா கோவுன் ரோஷியிடம் ஜென் பயின்றவர். தியானம், மௌனம், மலைக்காற்று என்று கேள்விப்பட்டால் தனிமைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று தோன்றும். உள்ளே நடப்பதோ கால அட்டவணை. மணி அடித்தால் எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார வேண்டும். அமர்வு முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக மெல்ல நடக்க வேண்டும். பிறகு துடைப்பம், காய் நறுக்கும் கத்தி, தோட்டத்து மண்வெட்டி. ஜென் மரபில் இந்த வேலையும் தியானத்தின் பகுதியே. பேச்சு இல்லை, ஆனால் இருபுறமும் ஆள் உண்டு. நறுக்காவிட்டால் மதியச் சாப்பாடு இல்லை. மௌனத்தைத் தொழிலாகக் கொண்ட இடங்கள்கூட மனிதர்களைத் தனியே விட்டுவிடுவதில்லை. அதே கொடைக்கானலில் வாங்கிய வீட்டில், பேச்சுக்கு ஆள் இல்லாமல், மழைக்காலத்தில் நாட்கணக்கில் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வூதியர் தம்பதிக்கு அந்த மௌனம் கிடைப்பதில்லை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம் என்பதையும், இதய, நுரையீரல் நோயுள்ளவர்களுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதையும் வீடு விற்கும் தரகர் சொல்ல மாட்டார்.

பக்தர் ஒருவர் இதுவரை படித்துவிட்டு முகம் சுளிக்கலாம். முருகனைப் பார்க்கப் போகிறோம், தலை எண்ணவா போகிறோம்? நம்பிக்கையைக் கழித்துவிட்டு மிச்சத்தை மருந்தாக்குகிறீர்களே! ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். இலக்கு இல்லாமல் நூறு கிலோமீட்டர் நடக்க யாரும் வரமாட்டார்கள். வாழ்க்கைக்குப் பொருள் இருக்கிறது என்ற உணர்வு நம்பிக்கையிலிருந்தே பலருக்கு வருகிறது. ஆனால் நம்பிக்கை எப்போதும் ஒரே பக்கம் வேலை செய்வதில்லை. கென்னத் பர்காமென்ட் குழுவினர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் ஒன்றைக் கண்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என் மீது அன்பில்லை, நோய் சாத்தானின் வேலை என்று உள்ளுக்குள் போராடியவர்களின் இறப்பு வாய்ப்பு 19 முதல் 28 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. படுக்கையில் கிடக்கும் பெரியவரிடம் "போன ஜென்மத்துப் பாவம்" என்று ஆறுதல் சொல்ல வரும் உறவினர்களை வாசலிலேயே நிறுத்தலாம். ஆக, நம்பிக்கை உண்டா என்பதோடு அது அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. கடவுள் மறுப்பாளருக்கும் இதே கணக்குத்தான். அவருடைய பாதயாத்திரை ஊர் நூலகமாகவோ, மலைச்சரிவில் சோலை மரக்கன்று நடும் குழுவாகவோ இருக்கலாம்.

கடைசி ஆட்சேபத்தில்தான் எனக்கு அதிக மரியாதை. வயிற்றுக்கே வழியில்லாதவரிடம் மனநலம் பேசுவது யாருக்காக? தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல்தான் மாதம் 1,200 ரூபாயானது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் பிள்ளைகள் சமவெளிக்கு வேலைக்குப் போன பிறகு பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிநிலங்களோடு பெரியவர்கள் தங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. மருந்தும் பேருந்தும் ஆளும்தான் குறைவு. இங்கே கடமை, பொறுப்பு என்று பேசினால் பொருந்தாது என்பது சரி. ஆனால் பணமும் மனமும் ஒன்றாகச் சேர்ந்துதான் சிகிச்சை பெறும் என்பதற்குக் கோவா சான்று. அமித் தயாஸ், விக்ரம் படேல் முதலியோர் அங்கே மனச்சோர்வின் ஓரத்தில் நின்ற 181 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரிடம் மருத்துவம் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் போய்ப் பேசினார்கள். பிரச்சினையைக் கூறுபோட்டுத் தீர்க்கவும், தூக்கத்தைச் சரிசெய்யவும், சர்க்கரை நோயைப் பார்த்துக்கொள்ளவும் சொல்லிக் கொடுத்ததோடு, அரசு உதவிகளைப் பெற்றுத் தரவும் முனைந்தார்கள். ஓராண்டில் அந்தப் பாதியில் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 4.4 விழுக்காடு, மறு பாதியில் 14.4. விலையுயர்ந்த மாத்திரையோ மனநல மருத்துவரோ இல்லாமல், வீடு தேடி வந்த ஒருவரால் கிடைத்த வேறுபாடு இது.

அப்படி வீடு தேடி வரும் ஆட்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண்கள், கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகினால் மேல்மலையில் மறைந்திருக்கும் மனச்சோர்வில் ஒரு பகுதியாவது வெளியே தெரியும். உலகெங்கும் ஆரம்பச் சோதனைக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்விகள் அவை. ஒரு நிமிடம் போதும். அறநிலையத் துறையும் ஒன்று செய்யலாம். 2024இல் தொடங்கிய அறுபடை வீட்டு இலவசப் பயணத்துக்கு அது வைத்த வயது வரம்பு 60 முதல் 70 வரை. பழனியில் 693 படி ஏற முடியாதவர்களுக்கு 1966 முதல் விஞ்ச் இருக்கிறது, 2004 முதல் ரோப் கார் இருக்கிறது. எழுபத்தொரு வயதுக்காரரை மறுக்க வலுவான காரணம் எதுவும் தெரியவில்லை. அந்த வரம்பை எடுத்துவிடலாம். போகிறவர்களைப் பயணிகளாக மட்டும் ஏற்றிச் செல்லாமல், ஒவ்வொரு பேருந்திலும் மூத்த இருவரிடம் தலை எண்ணும் பொறுப்பையும் கொடுத்து அனுப்பலாம்.